பச்சை விழுந்த காலை

அந்தக் குப்பத்தில் என்னைப் பார்த்திராதவர்களுக்கும் என் குரல் தெரியும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இறங்கினால் வரும் சின்னக் குப்பம். மீன் ஏலம் விடும் கொட்டகையின் கூரையில் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். விடிவதற்கு முன் அதில் நான் பேசுவேன். "இன்று திங்கட்கிழமை. காற்று இலேசு. அலை இடுப்பளவு. எச்சரிக்கை இல்லை." அந்த நேரத்தில் நான் செங்கல்பட்டில் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. அந்தச் சம்பள வேலை போக, சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவளுக்கு இருந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றையும் அலையையும் தமிழில் சொல்லும் ஒரு செயலி. ஓப்பன் சோர்ஸ் என்றாள். யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்திக் கொடுக்கலாம். ஆரம்பத்தில் கல்லூரி நண்பர்களாக ஆறேழு பேர் சேர்ந்து செய்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு வெளிநாடு என்று கழன்று, கடைசியில் இவளும் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனும் மிஞ்சினார்கள்.

செயலியின் திரையை வடிவமைத்தது அந்தப் பையன். என் மகளின் வேலை கண்ணுக்குத் தெரியாதது. கடலின் நிலையைக் கணிக்கும் அரசு அலுவலகம் தினமும் எண்களைப் பொதுவில் வெளியிடுகிறது. எங்கோ இருக்கும் ஒரு கணினி அவற்றை எடுத்து, தமிழாக்கி, என் குரலில் பதிந்து வைத்த சொற்களைக் கோத்து, சின்னக் கோப்பாகக் கட்டி எல்லாப் போன்களுக்கும் அனுப்பிவிடும். கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளினால் சிக்னல் கிடையாது, அதனால் எல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். இப்படிக் கட்டுவதை பில்டு என்கிறார்கள். எல்லாப் படியும் சரியாக நடந்தால் அவள் திரையில் பச்சை டிக் விழும். ஏதாவது உடைந்தால் சிவப்பு.

எண்களைப் படித்துக் கொடுக்க ஒருவர் எழுதிய நிரல், ஒலியைச் சுருக்க இன்னொருவர் எழுதியது, தேதியைக் கணக்கிட வேறொருவர் எழுதியது என்று முன்பின் பார்த்திராத மனிதர்கள் உலகத்தின் மூலைகளிலிருந்து எழுதி வைத்தவற்றின் மேல்தான் அந்த பில்டு நின்றது. இவற்றை டிபென்டென்சி என்பாள். அவர்களில் ஒருவர் தன் நிரலை மாற்றினாலும் இவளுடையது ஆடும்.

"உனக்குச் சொல்லிட்டு மாத்தமாட்டாங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்களுக்கு நான் ஒருத்தி இருக்கறதே தெரியாதும்மா."

எங்கள் ஆய்வகத்தில் புது அமில பாட்டில் வந்தால், சீல் உடைத்து நான் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்கமாட்டேன். அதைச் சொன்னேன். "ஒவ்வொண்ணையும் அப்படிப் பாத்தா ஆபீஸ் வேலைய எப்பம்மா பாக்கறது?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

என் குரல் அதில் போய்ச் சேர்ந்தது தற்செயல். கணினி பேசும் தமிழை வைத்துத்தான் முதலில் செய்திருந்தார்கள். அதைக் குப்பத்தில் போட்டுக் காட்டப் போனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். அங்கே மீன் விற்கும் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், என் மகள் அக்கா என்று கூப்பிடுவாள், போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னா பாப்பா இது, மூக்கடைச்ச பொம்பள மாரி பேசுது. ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்னா எனக்கு இன்னா தெரியும்? முட்டியளவா, இடுப்பளவா, தலைக்கு மேலியா, அத்தச் சொல்லச் சொல்லு."

அவள் புருஷன் பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "உனுக்கு எதுக்குடி அலை? கரையில குந்திகினு காசு எண்றவளுக்கு" என்றார்.

"நீ போனா திரும்பி வரியா இல்லியான்னு நான்தானய்யா பாத்துகினு குந்திகிறேன்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அலையை உடம்பளவில் சொல்வது என்று அன்றைக்கே முடிவாயிற்று. பாடம் நடத்திப் பழகிய குரல் என்று என்னை உட்காரவைத்து, ஜன்னலெல்லாம் சாத்தி, ஒவ்வொரு சொல்லாகப் பதிவு செய்தாள் மகள். முழங்காலளவு. இடுப்பளவு. தலைக்கு மேல். இரண்டு ஆள் உயரம். குப்பத்து நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், ஒரு பழைய போனை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டார். புதுக் கோப்பு வந்து விழுந்தால் அதுவே பேசிவிடும். அது பேசாமல் யாரும் போட்டை இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். நாங்கள் கேட்டு வைத்த கட்டுப்பாடு இல்லை அது. அவர்களாகவே வைத்துக்கொண்டது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சில நாள் பில்டு உடையும். எங்காவது ஒரு நிரல் மாறியிருக்கும், சிவப்பு விழும், கோப்பு போகாது, ஒலிபெருக்கி பேசாது. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், நாட்டார் போட்டை விடமாட்டார். கடலோ குளம் போலக் கிடக்கும். உடனே அந்த அக்காவிடமிருந்து போன் வரும்.

"இன்னா பாப்பா, டீச்சரம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா? ஒரு நாள் தொழிலு போச்சே. ஏதோ ஒண்ணு சொல்லச் சொல்லும்மா. நேத்திக்குச் சொன்னதயாவது சொல்லட்டும். கடலு இன்னா ஒரே ராத்திரில மாறிடப் போவுதா?"

இப்படிப் பலமுறை. நாலைந்து குப்பங்களிலிருந்தும் இதே கோரிக்கை. இவள் ஒரு விதியைச் சேர்த்தாள். புது எண்களைப் படிக்க முடியாவிட்டால் முந்தின நாள் கோப்பை எடுத்துக்கொண்டு பில்டு நிற்காமல் போகட்டும். 'இது பழைய தகவல்' என்று திரையில் காட்ட வேண்டும், என் குரலிலும் அதைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைத்தாள். அதற்குச் செயலியையே மாற்றியாக வேண்டும். அது கோயம்புத்தூர்ப் பையனின் பகுதி. அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அடுத்த மாதம் செய்கிறேன் என்றான். அதன் பிறகு சிவப்பே விழவில்லை. புகாரும் நின்றது. ஒருநாள் அந்த அக்கா பை நிறைய நெத்திலி கொடுத்தனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. ஐப்பசி மாதம். செங்கல்பட்டில் வானம் மூடியிருந்தது, அவ்வளவுதான். தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மகளின் போன் அடித்தது. பிறகு அவள் குரல். மிக்ஸியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தாள். போனில் அந்த அக்கா. பின்னால் ஏதோ தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"காத்து இல்லன்னு சொல்லிச்சே பாப்பா. இங்க இன்னா இப்டி அடிக்குது? மத்த போட்டெல்லாம் கரைக்கு வந்துகினு கீது. எங்கூட்டுது மட்டும் இன்னும் காணோம். அவுரும் என் கொழுந்தனும் வஞ்சிரத்துக்கு வலை வுடறேன்னு தூரமா போயிட்டாங்க. நல்லா பாத்துச் சொல்லு, எப்ப நிக்கும் இது?"

திரையில் பச்சை டிக் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிகூட வந்தது. அவள் அதை அழுத்தி உள்ளே போனாள். வரி வரியாக ஓடியது. ஓர் இடத்தில் நிறுத்தினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் ஒருமுறை கொதிக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டபோது, வலி வருவதற்கு முந்திய நொடியில், இப்படித்தான் இருந்தது அவள் முகம்.

"இன்னாடி?"

"பழைய கோப்பு போயிருக்கும்மா."

பிறகுதான் கோவையாகச் சொன்னாள். எண்களைப் படித்துக் கொடுக்கும் நிரலில் பாதுகாப்புக் குறை இருக்கிறது, புதுப் பதிப்புக்கு மாறுங்கள் என்று முந்தின நாள் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. இப்படி வாரத்துக்குப் பத்து வரும். கணினி தானாக ஓட்டும் சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. ஒப்புதல் கொடுத்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்விட்டாள். அந்தப் புதுப் பதிப்புக்கு அரசு அலுவலகத்தின் கோப்பைப் படிக்கத் தெரியவில்லை. அலுவலகம் முந்தின மாலையே பலத்த காற்று, உயர்ந்த அலை என்று எச்சரிக்கை கொடுத்திருந்தது. அவர்கள் எண்கள் சரியாக வந்து எங்கள் வாசலில் கிடந்தன. எங்களால் படிக்க முடியவில்லை. விதிப்படி பில்டு நிற்காமல் வெள்ளிக்கிழமைக் கோப்பை எடுத்துப் பச்சை காட்டியது. தேதி மட்டும் கட்டும் நாளின் தேதி. அதனால் ஒலிபெருக்கியில் நான், "இன்று சனிக்கிழமை. காற்று இலேசு. அலை முழங்காலளவு. எச்சரிக்கை இல்லை" என்றேன்.

"நான் அங்க போறேன்" என்று எழுந்தாள்.

வேண்டாம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். போன் பண்ணிச் சொல்லு, போலீசுக்குச் சொல்லு, நேரில் போகாதே. என் அப்பா படாளத்தில் மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஒருமுறை பம்புசெட் மோட்டார் எரிந்துபோனது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவர் அவர், அதனால் அவர்தான் எரித்தார் என்றார்கள். யார் தலையிலாவது பழி விழுந்தாக வேண்டிய நேரத்தில் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பது நான் படித்து வேலைக்கு வந்த பிறகும் என் உடம்பில் இருந்தது. மகளுக்கு அது இல்லை. அது இல்லாமல்தான் அவளை வளர்த்தேன்.

"விடும்மா" என்று கையை உருவிக்கொண்டாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். சாவித் துவாரத்தில் சாவி போகவில்லை. நான் வாங்கி ஓட்டினேன். அவள் பின்னால் லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. மாமல்லபுரத்தை நெருங்க நெருங்க வண்டி ஒரு பக்கமாகத் தள்ளியது. புளிய மரத்துக் கிளைகள் சாலையில் கிடந்தன. ஊருக்குள் சுற்றுலா வந்தவர்கள் சாலை ஓரத்தில் நின்று கடலுக்கு முதுகைக் காட்டி, உயரும் அலை தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை ஒவ்வோர் அலைக்கும் கைதட்டியது.

குப்பத்தில் ஆண்களும் பெண்களுமாகக் கரையில் நின்றிருந்தார்கள். கடலைப் பார்க்க முடியவில்லை; மணல் கண்ணில் அறைந்தது. வந்து சேர்ந்த போட்டுகளை எல்லாரும் சேர்ந்து மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். நாட்டார் கொட்டகை ஓரமாக நின்று கடலோரக் காவலோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கனத்த மனிதர். காற்றில் லுங்கி படபடக்க, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். யாரோ எங்களைப் பார்த்து, யாரும்மா நீங்க என்றார்கள்.

"செங்கல்பட்டுலேர்ந்து வரோம்..." என்று ஆரம்பித்தேன்.

முன்னால் நின்றிருந்த ஓர் ஆள் சட்டென்று திரும்பினான். "டேய், மைக்கு கொரலு டா இது."

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் இரண்டு அடி நெருங்கி வந்தான். கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டான்.

"இன்னாம்மா, காத்து இல்லன்னு காலைல நீதான சொன்ன?"

மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவங்க இல்லண்ணா. கொரல் மட்டும்தான் அவங்களுது. தப்பு என்னுது. நான் ஒரு அப்டேட் போட்டேன், சரியா பாக்கல. நேத்து ஃபைலு இன்னிக்கித் தேதியோட வந்துடுச்சி."

"பாக்கலியா? நீ பாக்காம வுட்டது ரெண்டு உசிரும்மா. படிச்ச புள்ளைங்க வெளையாட எங்க பொயப்புதான் கெடச்சிதா?"

யாரோ ஒரு கிழவி என் மகளின் மேல் மண்ணை வாரி வீசினாள். காற்று அதை எங்கள் எல்லோர் மேலும் கொண்டுவந்து போட்டது. நான் மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். நாட்டார் போனை இறக்கிவிட்டு வந்தார்.

"டேய், சும்மா கெடங்கடா. வாட்ஸ்அப்புல நேத்து சாயந்தரமே வந்துச்சில்ல, காத்து வரும்னு. பக்கத்துக் குப்பத்துக்காரன் அத்த வெச்சித்தான நிறுத்தினான். நான் இன்னா சொன்னேன்? அது நேத்தியது, மைக்குல சொல்றது இன்னியது, புச்சா சொல்றதக் கேளுன்னு நான்தான சொன்னேன்? மண்ண வாரி எம்மேல போடு."

அப்போதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். கொட்டகைத் தூணில் சாய்ந்து, வலைக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் கட்டியிருந்தாள். எங்களைத் திட்டவில்லை. மகளைக் கையால் அருகே கூப்பிட்டாள்.

"அத்த வுடு பாப்பா. இப்ப இன்னா சொல்லுது அது? சரியான காத்து எது? தண்ணி எந்தப் பக்கம் இஸ்துகினு போவுது? எஞ்சினு நின்னுட்டிருந்தா போட்டு எங்க போயிருக்கும், அத்தப் பாத்துச் சொல்லு."

நாட்டாரும் அதையேதான் கேட்டார். கடலோரக் காவல் போட்டு அனுப்புகிறது, பக்கத்துக் குப்பத்தில் பெரிய என்ஜின் வைத்த இரண்டு போட்டுகள் தயார், ஆனால் வடக்கே தேடுவதா தெற்கே தேடுவதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மகள் கொட்டகைத் தரையில் உட்கார்ந்தாள். ஐஸ் தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் சேர்ந்த ஈரம். மடியில் லேப்டாப். போனிலிருந்து இணைப்பு கொடுத்தாள். அது வருவதும் போவதுமாக இருந்தது. நான் துப்பட்டாவை விரித்துத் திரையில் மணல் விழாமல் பிடித்துக்கொண்டேன். அவள் செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. பழைய பதிப்பின் எண்ணை எழுதி, இதைத் தவிர வேறெதையும் எடுக்காதே என்று பூட்டிவிடுவது. செய்தாள். இன்னொரு விதியை அழித்தாள். அது எந்த விதி என்று எனக்குத் தெரிந்தது. பிறகு பில்டை ஓடவிட்டாள்.

காத்திருந்தோம். உலகத்தில் எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் ஒரு கணினி ஒவ்வொரு நிரலாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் பெண்கள் மாதாவைக் கூப்பிட்டார்கள், கடலம்மாவைக் கூப்பிட்டார்கள். சிவப்பு விழுந்தது. அந்தப் பழைய பதிப்போடு ஒத்துவராத இன்னொரு நிரல். அதற்கும் பழைய எண்ணைத் தேடி எழுதினாள். மறுபடி ஓடவிட்டாள். இந்தமுறை பச்சை.

அவள் எண்களைத் திறந்து, "நீரோட்டம் தெற்க போகுது, காத்தும் வடகிழக்கு" என்று நாட்டாரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் தலைக்கு மேல் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. புதுக் கோப்பு வந்துவிட்டது. அது தன் வேலையைச் செய்தது.

"இன்று சனிக்கிழமை. காற்று பலம். அலை இரண்டு ஆள் உயரம். எச்சரிக்கை. கடலுக்குச் செல்ல வேண்டாம்."

நிதானமான குரல். மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் குரல். கரையில் நின்ற எல்லோரும் அசையாமல் அதைக் கேட்டார்கள். அது மூன்றுமுறை சொல்லும், அப்படித்தான் அமைத்திருந்தார்கள். இரண்டாம் முறை சொல்லத் தொடங்கியபோது அந்த அக்கா எழுந்து போய்த் தூணில் தொங்கிய ஒயரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள்.

தெற்கேதான் தேடினார்கள். அடுத்த நாள் காலை, செய்யூர்ப் பக்கம் முகத்துவாரத்துக்கு வெளியே, கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கொழுந்தனைத் தூக்கினார்கள். விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றார்கள். போட்டு கவிழ்ந்த கொஞ்ச நேரத்திலேயே அண்ணன் கையை விட்டுவிட்டதாக அவன் சொன்னான். உடல் பிறகு இன்னும் தெற்கே ஒதுங்கியது.

அடக்கத்துக்குப் போனோம். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. துக்கம் விசாரிக்க வாய் திறந்தால் எல்லோருக்கும் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்திக்குச் சொன்னதயாவது சொல்லட்டும்னு நான்தான கேட்டேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அடித்திருந்தால் என் மகள் தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

போலீஸ் வந்து விசாரித்தது. வழக்கு எதுவும் இல்லை. இலவசச் செயலி, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கோயம்புத்தூர்ப் பையன் இரண்டு வரி மன்னிப்பு அனுப்பிவிட்டு விலகிக்கொண்டான். எந்த ஊரென்று தெரியாதவர்கள் இணையத்தில் என் மகளைக் கொலைகாரி என்று எழுதினார்கள். மூடிவிடு என்று நான் சொன்னேன். கெஞ்சினேன்.

"மூடினா எல்லாக் குப்பத்திலயும் போன்ல கடைசியா வந்தது அப்படியே நிக்கும்மா. அத வெச்சி போவாங்க" என்றாள்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆபீசில் விடுப்பு. பில்டை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினாள். ஒவ்வொரு டிபென்டென்சிக்கும் ஒரு பூட்டு. படிக்க முடியாவிட்டால் நின்றுவிடும். நின்றால் 'எங்களுக்குத் தெரியவில்லை, போக வேண்டாம்' என்று ஒலிபெருக்கி சொல்லும். அந்தச் சொற்களை நான்தான் பேசிக் கொடுக்க வேண்டும் என்றாள். வேறு குரல் வைத்துக்கொள் என்றேன். அவளும் அதையேதான் நினைத்திருந்தாள் போலிருக்கிறது, நாட்டாரிடம் கேட்டிருக்கிறாள். வேண்டாம், பழகிய குரல் சொன்னால்தான் நம் ஆட்கள் காதில் ஏறும் என்றாராம் அவர். ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பலமுறை முயன்ற பிறகுதான் நடுக்கமில்லாமல் வந்தது.

கடைசியாக ஒரு விதி வைத்தாள். எந்த அப்டேட்டும் இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் உள்ளே போகக் கூடாது. ஒருவர் அவள். இன்னொருவருக்காகத் தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்டாள். பரிதாபப்பட்டார்கள், வாழ்த்தினார்கள், வரவில்லை.

"நான் பாக்கறேன்" என்றேன்.

"உனக்கு என்னம்மா தெரியும்?"

"சொல்லிக் குடு."

இப்போது மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும், கை கால் கழுவிக்கொண்டு, அவள் பழைய லேப்டாப்பின் முன்னால் உட்காருகிறேன். இடது பக்கம் பழைய வரி, வலது பக்கம் புது வரி. எது மாறியது, ஏன் மாறியது, அதைப் போட்டுக் கட்டிய கோப்பில் எண்கள் அரசு அலுவலகத்தின் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று நானே உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். எனக்குப் பாதி புரிவதில்லை. புரியாததைக் கேட்கிறேன். அவள் எரிந்து விழுகிறாள், பிறகு சொல்லிக் கொடுக்கிறாள். சில நாள் அதோடு எழுந்துபோய்ப் படுத்துக்கொள்கிறாள். கதவைத் தாழிடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தாழிடுவதில்லை. ஆனாலும் நடுவில் எழுந்துபோய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன்.

இன்று ஒன்று வந்து நிற்கிறது. ஒலியைச் சுருக்கும் நிரலின் புதுப் பதிப்பு. மாறியிருப்பது நான்கே வரி. எல்லாச் சோதனையும் பச்சை. மகள் மதியமே பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டாள். என்னுடையது பாக்கி.

அந்த அக்கா சாயங்காலம் மகளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். மகள் அதை ஓடவிட்டு என்னிடம் போனை நீட்டினாள். "பாப்பா, கொழுந்தன் நாளைக்கிக் கடலுக்குப் போறான். நான் வேணாம்னுதான் சொன்னேன். வூட்ல குந்திகினு இன்னா பண்றதுங்கிறான். மைக்குல சொன்னா போவேங்கிறான். நல்லா பாத்துச் சொல்லுங்க."

நான்கு வரியையும் மறுபடி படித்தேன். மூன்றாவது வரி ஏன் மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"மா, பாத்துட்டியா இல்லியா?" என்று மகள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்ல. மூணாவது வரி புரியல. எழுந்து வா."

"அது ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா இன்னான்னு வந்து சொல்லு."

கட்டில் கிரீச்சிட்டது. அவள் வந்து என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.